தோல் ஆறிய பிறகும் அரிப்பு ஏன் ஆறுவதில்லை?

கேள்வியின் சாரம் இது: பல மாதங்களாக அரிப்பு. களிம்பும் மாத்திரையும் எடுத்ததில் தோலின் சிவப்பும் தடிப்பும் அடங்கிவிட்டன. அரிப்பு மட்டும் விடவில்லை. "மூளையின் துணைச் செல்கள்தான் அரிப்பை நீட்டிக்கின்றன என்று படித்தேன். அப்படியானால் இது தோல் நோயா, நரம்பு நோயா? அந்தச் செல்களை அடக்க மருந்து உண்டா? சொறியாமல் இருக்க முடியாதது என் மனபலம் போதாததாலா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் ஆளை அதிகம் வருத்துவது. மனபலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நாள்பட்ட அரிப்பில் தண்டுவடத்தில் இருக்கும் அரிப்புப் பாதையே மாறிப்போகிறது. ஒரு காலத்தில் கண்டுகொள்ளப்படாத சின்னத் தூண்டல்கூட இப்போது பெரிதாகக் கேட்கிறது. அந்த மாற்றத்தில் நீங்கள் படித்த துணைச் செல்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் நீங்கள் படித்ததில் ஒரு திருத்தம் தேவை: இதுவரை கிடைத்த வலுவான சான்றுகள் பெரும்பாலும் மூளையைப் பற்றியவை அல்ல, தண்டுவடத்தைப் பற்றியவை. அதுவும் எலிகளில் கிடைத்தவை. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் சாதாரண அரிப்பு. கொசு கடிக்கிறது; தோலில் உள்ள மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன; சி-இழைகள் எனப்படும் மெல்லிய நரம்பு இழைகள் அதை உணர்ந்து தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. ஹிஸ்டமினுக்கென்றே பதில் தரும் இத்தகைய இழைகள் மனிதர்களில் இருப்பதை 1997-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் பதிவு செய்து காட்டினார்கள். ஹிஸ்டமின் தொடர்பே இல்லாத அரிப்புப் பாதைகளும் உண்டு. எக்ஸிமா, சிறுநீரக நோய், கல்லீரல் நோய் போன்றவற்றில் வரும் நீண்ட அரிப்பு பெரும்பாலும் அந்த வழியில்தான் போகிறது. "அலர்ஜி மாத்திரை போட்டேன், தூக்கம் வந்தது, அரிப்பு போகவில்லை" என்று பலரும் சொல்வது இதனால்தான்.

செய்தி தண்டுவடத்தின் பின்புறக் கொம்பு என்ற பகுதிக்கு வந்து சேர்கிறது. அங்கேதான் வலிக்கும் அரிப்புக்கும் வழி பிரிகிறது. 2007-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், செயின்ட் லூயிஸ் நகரில், ஜோ-ஃபெங் சென் குழு ஜிஆர்பிஆர் என்ற ஏற்பியை (வேதிச் செய்தியைப் பிடித்துக்கொள்ளும் செல்லின் புரதம்) அரிப்போடு தொடர்புபடுத்தியது. இரண்டு ஆண்டு கழித்து, அந்த ஏற்பி உள்ள நரம்புச் செல்களை மட்டும் எலிகளில் அழித்துப் பார்த்தார்கள். அரிப்பு ஏறக்குறைய மறைந்துவிட்டது. வலி அப்படியே இருந்தது. அரிப்பு என்பது லேசான வலிதான் என்று அதுவரை நிலவிவந்த கருத்துக்கு அது பெரிய அடி. இனி இந்தச் செல்களை 'அரிப்பு வாசல்' என்றே சொல்கிறேன். துணைச் செல்கள் வேலை காட்டும் இடமும் இந்த வாசல்தான்.

துணைச் செல்களுக்கு கிளியா என்று பெயர். கிரேக்க மொழியில் 'பசை'. 1856-இல் ருடால்ஃப் ஃபிர்ஷோ இந்தப் பெயரை வைத்தபோது, நரம்புச் செல்களை ஒட்டவைக்கும் ஏதோ ஒரு நிரப்புப் பொருள் என்றுதான் நினைத்தார். அந்தப் பெயர் இந்தச் செல்களுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் அநியாயம் செய்தது என்பேன். நரம்புச் செல்லைப் போல பத்து மடங்கு கிளியா இருக்கிறது என்று பாடநூல்கள் நீண்டகாலம் எழுதிவந்ததும் பிழை. 2009-இல் வெளிவந்த எண்ணிக்கைப்படி மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள். மற்ற செல்கள் எல்லாம் சேர்ந்தும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

கிளியாவில் நமக்கு இங்கே வேண்டியவை இரண்டு வகை. ஒன்று ஆஸ்ட்ரோசைட். நட்சத்திரம் போலக் கிளை விரித்திருப்பதால் அந்தப் பெயர். நரம்புகள் சந்திக்கும் இடத்தில் மிச்சமாகும் குளுட்டமேட்டை உறிஞ்சுவது, பொட்டாசிய அளவைச் சமன்படுத்துவது, ரத்தக் குழாயிலிருந்து சத்து வாங்கி நரம்புக்குக் கொடுப்பது என்று ஓயாத வேலை அதற்கு. இன்னொன்று மைக்ரோகிளியா: நரம்பு மண்டலத்துக்குள்ளேயே குடியிருக்கும் காவல் செல்கள். காயம், கிருமி, செத்த செல் எதைக் கண்டாலும் உருமாறி ஓடிவரும்.

இனி முக்கியமான ஆய்வுக்கு வருகிறேன். இந்தத் துறையில் ஒன்றே ஒன்றைப் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைத்தான் படிக்கச் சொல்வேன். ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் மகோடோ சுடாவின் குழு 2015-இல் வெளியிட்டது. சுடா அதற்கு முன் வலி ஆய்வில் பெயர் பெற்றவர். நரம்புக் காயத்தால் வரும் தீராத வலிக்கு மைக்ரோகிளியாவில் உள்ள பி2எக்ஸ்4 என்ற ஏற்பி காரணமாகிறது என்று 2003-இல் காட்டிய ஆய்வின் முதல் ஆசிரியர் அவர். ஆகவே அரிப்பைத் தொட்டபோதும் கிளியாவைத் தேடிப் பார்த்தது இயல்பே.

அவர்கள் எடுத்துக்கொண்டது என்சி/என்ஜிஏ என்ற எலி வகை. இந்த எலிகளைச் சாதாரணச் சூழலில் வளர்த்தால் மனிதர்களின் அடோபிக் டெர்மடைடிஸ் (எக்ஸிமாவின் ஒரு வகை) போன்ற தோல் அழற்சி தானாகவே வந்துவிடும். முகம், காது, மேல்முதுகு எல்லாம் சொறிந்து சொறிந்து புண்ணாகிவிடும். அந்த எலிகளின் தண்டுவடத்தைப் பார்த்தபோது, புண்ணான தோலிலிருந்து நரம்புகள் வந்து சேரும் பகுதியில் மட்டும் ஆஸ்ட்ரோசைட்டுகள் பருத்து, கிளைகள் தடித்து, 'எதிர்வினை நிலை' எனப்படும் நிலையில் இருந்தன. அரிப்பு இல்லாத இடங்களுக்குரிய தண்டுவடப் பகுதிகள் அப்படி இல்லை. அதாவது இது உடல் முழுவதும் பரவிய அழற்சியின் பக்கவிளைவு இல்லை. அரிக்கும் தோலோடு நரம்பால் இணைந்த தண்டுவடப் பகுதியில் மட்டும் நடந்த மாற்றம்.

மாறிய ஆஸ்ட்ரோசைட்டுகளுக்குள் ஸ்டாட்3 என்ற புரதம் விழித்துக்கொண்டிருந்தது. இது செல்லின் கருவுக்குள் போய் மரபணுக்களைத் திறந்துவிடும் சுவிட்ச் போன்றது. ஆஸ்ட்ரோசைட்டில் மட்டும் ஸ்டாட்3 இல்லாதபடி செய்த எலிகளில் நீண்டகாலச் சொறிதல் குறைந்தது. ஸ்டாட்3-ஐ எழுப்பும் ஜேக் என்ற நொதியைத் தடுக்கும் மருந்தைத் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள திரவத்தில் செலுத்தியபோதும் அப்படியே. மருந்து தோலுக்குப் போகவில்லை, தண்டுவடத்துக்குத்தான் போனது என்பதைக் கவனியுங்கள்.

ஸ்டாட்3 விழித்தால் ஆஸ்ட்ரோசைட் என்ன செய்கிறது? லிப்போகாலின்-2 என்ற புரதத்தை அதிகமாகச் சுரக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இங்கேதான் வருகிறது. லிப்போகாலின்-2-ஐ மட்டும் ஆரோக்கியமான எலியின் தண்டுவடத்தில் செலுத்தினால் எலி சொறியவில்லை. ஆனால் அரிப்பு வாசலைத் தட்டும் ஜிஆர்பி என்ற வேதிப்பொருளோடு சேர்த்துக் கொடுத்தால், வழக்கத்தைவிட அதிகமாகச் சொறிந்தது. ஆக, ஆஸ்ட்ரோசைட் அரிப்பை உண்டாக்குவதில்லை. வருகிற அரிப்பைப் பெருக்குகிறது. "துணைச் செல்கள்தான் அரிப்புக்குக் காரணம்" என்று தலைப்புப் போடுபவர்கள் தவறவிடுவது இந்த வேறுபாட்டை. உங்கள் கேள்விக்கான பதில் முழுவதும் இதில்தான் தொங்குகிறது.

பெருக்குவது எப்படி என்று புரிய, வாசல் சாதாரணமாக எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியவேண்டும். ஸூரிக்கில் நடந்த 2019-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று அதைக் காட்டியது: ஜிஆர்பி சுரக்கும் நரம்புகள் ஓரிரு முறை துடித்தால் போதாது, கொத்துக் கொத்தாகத் தொடர்ந்து துடித்தால்தான் அடுத்த செல் செய்தியை மேலே அனுப்பும். நல்ல ஏற்பாடு. சட்டை உரசல், முடி அசைவு போன்ற சில்லறைத் தூண்டல்கள் எல்லாம் அங்கேயே வடிந்துவிடும். ஆஸ்ட்ரோசைட் சுரக்கும் லிப்போகாலின்-2 வாசலில் உள்ள செல்களை எளிதில் துடிக்கக்கூடியவையாக மாற்றுகிறது என்று சுடா குழுவின் பிந்தைய ஆய்வுகள் காட்டின. வடிகட்டி தளர்ந்துவிடுகிறது. முன்பு வடிந்துபோன தூண்டல் இப்போது உள்ளே நுழைகிறது.

தோல் ஆறிவிட்ட நிலையில் உங்களுக்கு அரிப்பு மட்டும் நீடிப்பதை இதோடு பொருத்திப் பாருங்கள். பெருக்கும் நிலை ஒரே நாளில் வருவதும் இல்லை, ஒரே நாளில் போவதும் இல்லை. ஸ்டாட்3 விழித்த ஆஸ்ட்ரோசைட்டுகள் நெடுநாள் அந்த நிலையிலேயே நீடிக்கக்கூடியவை. தோலில் சிவப்பு மறைந்தாலும், கண்ணுக்குத் தெரியாத அளவில் மிச்சமிருக்கும் வறட்சியோ லேசான அழற்சியோ அனுப்பும் சின்னச் செய்தி தண்டுவடத்தில் பெரிதாகிறது என்பது நியாயமான விளக்கம்.

அந்த ஆய்வில் இன்னொரு பகுதி உண்டு. அதைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எலிகள் சொறிவது பின்கால் நகங்களால். அந்த நகங்களை வெட்டிவிட்டார்கள். அவ்வளவுதான். தோல் புண் குறைந்தது, சொறிதல் குறைந்தது, தண்டுவடத்தில் ஆஸ்ட்ரோசைட்டுகளின் மாற்றமும் குறைந்தது. இன்னொரு வழியிலும் சோதித்தார்கள்: தோலிலிருந்து செய்தி கொண்டுவரும் சி-இழைகளில் ஒரு பகுதியை கேப்சைசின் (மிளகாயின் காரப்பொருள்) கொண்டு முன்கூட்டியே அழித்த எலிகளிலும் ஆஸ்ட்ரோசைட்டுகள் அந்த அளவுக்கு மாறவில்லை.

ஆகவே ஆஸ்ட்ரோசைட்டுகளை எழுப்புவது தோலிலிருந்து ஓயாமல் வரும் நரம்புச் செய்தி. சொறிவது அந்தச் செய்தியை மேலும் கூட்டுகிறது. எரிகிற நெருப்பில் எண்ணெய். 2021-இல் அதே குழு இன்னும் ஒரு கண்ணியைச் சேர்த்தது: தோலிலிருந்து வரும் உணர்வு நரம்புகள் ஐஎல்-6 என்ற சைட்டோகைனை (செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லும் புரதம்) அனுப்புகின்றன, அது ஆஸ்ட்ரோசைட்டுக்குள் கால்சிய அலைகளை எழுப்புகிறது, அந்தக் கால்சியம் இல்லாவிட்டால் ஸ்டாட்3 நீண்டநேரம் விழித்திருக்க முடிவதில்லை.

சொறிந்தால் சுகமாக இருக்கிறதே என்று கேட்பீர்கள். உண்மைதான், அதற்கும் தண்டுவடத்திலேயே காரணம் இருக்கிறது. ஹிஸ்டமினால் துடித்துக்கொண்டிருக்கும் தண்டுவட நரம்புகள் சொறிந்தவுடன் அடங்குவதை 2009-இல் குரங்குகளில் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த நிம்மதி நிஜம், ஆனால் குறுகியது. சொறிவதால் வரும் வலிக்குப் பதிலாக மூளைத்தண்டு செரடோனின் என்ற நரம்பு வேதிப்பொருளைக் கீழே அனுப்புகிறது. அந்தச் செரடோனின் வலியைக் குறைக்கும் கையோடு அரிப்பு வாசலைக் கூடுதலாகத் திறந்துவிடுகிறது என்று 2014-இல் சென் குழு எலிகளில் காட்டியது. முதல் ஐந்து நிமிடம் இதமும் பிறகு இரட்டிப்பாகத் திரும்பும் அரிப்பும் ஒரே பாதையின் இரண்டு முகங்கள்.

மைக்ரோகிளியா பற்றிச் சுருக்கமாக. வலியில் முன்வரிசையில் நிற்கும் இந்தச் செல்கள் அரிப்பில் அவ்வளவு தெளிவாக நிற்கவில்லை. சில எலி ஆய்வுகளில் அவை தூண்டப்பட்டிருந்தன. அவற்றை அடக்கும் மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தபோது சொறிதல் குறைந்தது. ஆனால் அந்த மருந்து வேறு பல செல்களையும் தொடும் என்பதால் அதை வைத்து உறுதியாகப் பேச எனக்குத் தயக்கம். ஆஸ்ட்ரோசைட்டுகளின் பக்கம் இன்னொரு சான்று உண்டு: டிஎல்ஆர்4 என்ற ஏற்பி இல்லாத எலிகளில், வறண்ட தோலால் வரும் நீண்ட அரிப்பும், மெல்லத் தொட்டாலே அரிக்கும் நிலையும் குறைந்தன என்று 2016-இல் ஒரு ஆய்வு சொன்னது. அது ஆண் எலிகளில் செய்யப்பட்டது. வலி ஆய்வில் மைக்ரோகிளியாவின் பங்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபடுவது ஏற்கெனவே தெரிந்ததால், அரிப்பிலும் பெண் எலிகளைச் சேர்த்துப் பார்ப்பது அவசியம் என்று அழுத்தமாக நினைக்கிறேன்.

மெல்லத் தொட்டாலே அரிப்பது என்றேனே, அது உங்களுக்கும் இருக்கலாம். கம்பளித் துணி பட்டாலோ தலைமுடி கழுத்தில் விழுந்தாலோ அரிப்பு கிளம்பும். நரம்பு மண்டலம் தீட்டப்பட்டுவிட்டதன் அடையாளம் அது. மருத்துவரிடம் கட்டாயம் சொல்லவேண்டிய விஷயமும்கூட.

மூளைக்கு என்ன பங்கு? தண்டுவடத்திலிருந்து செய்தி மூளைத்தண்டில் உள்ள பேராபிரேக்கியல் பகுதிக்கும் தாலமஸுக்கும் போய், அங்கிருந்து உணர்ச்சியையும் கவனத்தையும் ஆளும் பகுதிகளுக்குப் பரவுகிறது. மூளை கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பதில்லை. கட்டளையும் அனுப்புகிறது. மூளைத்தண்டிலிருந்து நோரட்ரீனலின் என்ற நரம்பு வேதிப்பொருளோடு இறங்கும் பாதை அரிப்பை அடக்குகிறது. 2020-இல் சுடா குழு தண்டுவட மேலடுக்கில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட ஆஸ்ட்ரோசைட் கூட்டம் இந்த நோரட்ரீனலினைக் கேட்டுப் பதில் தருவதைக் காட்டியது. அந்த ஆய்வு தொடுகையுணர்வு மிகையாவதைப் பற்றியது, அரிப்பைப் பற்றியது அல்ல. ஆனாலும் மூளையின் நிலை தண்டுவடத் துணைச் செல்களை எட்டும் வழி ஒன்று இருக்கிறது என்பதற்கு அது சான்று.

இனி "தோல் நோயா, நரம்பு நோயா" என்ற கேள்வி. அரிப்பு 6 வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவத்தில் அதை நாள்பட்ட அரிப்பு என்கிறார்கள். அந்தக் கட்டத்தில் இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது உதவாது. உங்கள் விவரத்தைப் பார்த்தால் தொடக்கம் தோலில்தான். நீடிப்பில் நரம்பு மண்டலமும் சேர்ந்துகொண்டிருக்கலாம். தோலை விட்டுவிட்டு நரம்பை மட்டும் பார்த்தால் செய்தி வந்துகொண்டே இருக்கும். தோலை மட்டும் பார்த்தால் பெருக்கி அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.

மருந்து? ஆஸ்ட்ரோசைட்டை மட்டும் குறிவைத்து அரிப்புக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்று இல்லை. வரும் என்று உடனடி நம்பிக்கை கொடுக்கவும் எனக்கு மனமில்லை. கிளியாவை அடக்கும் ப்ரோபென்டோஃபிலின் என்ற மருந்து எலிகளின் நரம்பு வலியில் அருமையாக வேலை செய்தது. அக்கி வந்து போனபின் நீடிக்கும் வலியுள்ள மனிதர்களில் பலன் தரவில்லை. எலிக்கும் மனிதருக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியை அரிப்பிலும் மறக்கக்கூடாது. தவிர, ஆஸ்ட்ரோசைட்டுகளை மொத்தமாக முடக்குவது ஆபத்து; அவை செய்யும் அன்றாட வேலைகளை மேலே சொன்னேன். முடக்கவேண்டியது செல்லை அல்ல, அது மாட்டிக்கொண்ட எதிர்வினை நிலையை.

ஆனால் கையில் இருக்கும் மருந்துகள் குறைவும் இல்லை. எக்ஸிமாவுக்கு 2017 முதல் டுபிலுமாப் ஊசி இருக்கிறது. 2022-இல் உபாடாசிடினிப், அப்ரோசிடினிப் என்ற ஜேக் தடுப்பு மாத்திரைகள் அமெரிக்காவில் எக்ஸிமாவுக்கு அனுமதி பெற்றன. ஜேக் என்ற பெயரைப் பார்த்ததும் "இது தண்டுவட ஆஸ்ட்ரோசைட்டைத்தான் அடக்குகிறது" என்று தாவிவிடாதீர்கள். இவற்றின் பலனைத் தோலின் நோயெதிர்ப்புச் செல்களிலும் தோல் நரம்புகளிலும் நடக்கும் தடுப்பை வைத்தே விளக்க முடிகிறது. ஜேக்1 நரம்புச் செல்களுக்குள்ளேயே அரிப்பைத் தூண்டுவதை 2017-இல் எலிகளில் காட்டியிருக்கிறார்கள். இவை கடுமையான பக்கவிளைவுகளும் உள்ள மருந்துகள். மருத்துவரின் கண்காணிப்பில்லாமல் தொடவே கூடாது. நரம்பு சார்ந்த அரிப்புக்கு காபாபென்டின், ப்ரீகாபலின் கொடுப்பதுண்டு. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் அரிப்புக்கு ஜப்பானில் 2009 முதல் நால்ஃபுராஃபினும், அமெரிக்காவில் 2021 முதல் டிஃபெலிகெஃபலினும் உள்ளன.

நீங்கள் இன்றே செய்யக்கூடியதில் முதலிடம் நகத்துக்கு. எலி ஆய்வை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் நகத்தை ஒட்ட வெட்டி, ஓரத்தை மழுக்கி வைப்பதில் இழப்பு ஒன்றுமில்லை. தூக்கத்தில் கை தானாகப் போகும் என்பதால் இரவில் மெல்லிய பருத்திக் கையுறை உதவும். குளிர்ந்த ஈரத்துணியை வைத்து அழுத்துவது, தட்டுவது எல்லாம் சொறிவதைவிட நல்லது. சிவப்பு மறைந்தவுடன் களிம்பையும் ஈரப்பதம் காக்கும் பூச்சையும் நிறுத்திவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. பூச்சைத் தொடருங்கள். மருந்துக் களிம்பை எப்போது, எப்படிக் குறைப்பது என்று மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். தோலிலிருந்து போகும் செய்தி நீண்டநாள் குறைந்தே இருந்தால்தான் தண்டுவடத்துக்கும் இறங்கிவர வாய்ப்பு.

பல மாத அரிப்பு என்பதால் ரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம். சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு, சில ரத்த நோய்கள் எல்லாம் தோலில் பெரிதாக எதையும் காட்டாமல் அரிப்பைத் தரக்கூடியவை. எடை குறைவது, இரவில் வியர்த்துக் கொட்டுவது, காய்ச்சல், கண் மஞ்சளாவது இவற்றில் ஏதாவது இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது "அரிக்குது" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். நமக்கு இதற்கு எத்தனை சொற்கள்! ஊறுகிறதா, நமநமவென்று இருக்கிறதா, எரிச்சலோடு சேர்ந்ததா, ஊசி குத்துவது போலவா? ஒரே இடத்திலா, இடம் மாறுகிறதா? எந்த நேரத்தில் கூடுகிறது, துணி பட்டால் கிளம்புகிறதா? எரிச்சலும் குத்தலும் சேர்ந்து, ஒரே இடத்தில், தோலில் ஒன்றுமே தெரியாமல் அரித்தால் மருத்துவர் நரம்பின் பக்கம் யோசிப்பார். இடம் மாறி, தோல் வறண்டு, இரவில் கூடினால் முதலில் தோலின் பக்கம் பார்ப்பார். ஒரு வாரத்துக்கு இவற்றைத் தினமும் இரண்டு வரி எழுதி வைத்து, அந்தத் தாளைக் கையோடு கொண்டுபோங்கள்.